எல்லாப் பழியும் கேஸ் மேலே

பங்குனி முடியும்போதே கார் ஏசி கடைகளில் வண்டிகள் வரிசை கட்டத் தொடங்கிவிடும். வருகிறவர்களில் பாதிப் பேர் நோயையும் மருந்தையும் தாங்களே முடிவு செய்துகொண்டு வருகிறார்கள். "கூலிங் பத்தல, கேஸ் போட்டு விட்டுடுங்க." கடைக்காரருக்கும் அது சௌகரியம்தான், கேட்டதைப் போட்டு அனுப்பினால் அடுத்த வண்டியைப் பார்க்கலாம். இதில் பணம் விட்டுச் சலித்தவர்கள், வெளிநாட்டுக்காரர் ஒருவர் சின்ன டப்பாவை வைத்து கேஸ் ஏற்றும் வீடியோவைப் பார்த்துவிட்டு அதே மாதிரி டப்பாவை ஆன்லைனில் வாங்குகிறார்கள். கடைக்குப் போகிறவருக்கும் டப்பா வாங்குகிறவருக்கும் நம்பிக்கை ஒன்றுதான்: கூலிங் குறைந்தால் குற்றவாளி கேஸ்.

"வருஷத்துக்கு ஒரு தடவை கேஸ் போடணும்"

பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற சரக்கு இல்லை அது. கம்ப்ரஸர் அமுக்குகிறது, கண்டன்சரில் சூட்டை விட்டுத் திரவமாகிறது, எக்ஸ்பான்ஷன் வால்வைத் தாண்டி கூலிங் காயிலில் ஆவியாகி உள்ளே இருக்கும் சூட்டை வாங்கிக்கொள்கிறது, மறுபடி கம்ப்ரஸருக்குப் போகிறது. அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. ரப்பர் ஹோஸ் வழியாகவும் சீல் வழியாகவும் கொஞ்சம் கசிவது இயல்பு. அதன் விளைவு தெரியவே பல வருடமாகும். போன கோடையில் போட்டது இந்தக் கோடையில் இல்லையென்றால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. அதை அடைக்காமல் மேலே மேலே கேஸ் ஏற்றுவது இரட்டை நஷ்டம். கம்ப்ரஸருக்கு வேண்டிய எண்ணெய் கேஸோடு கலந்தே ஓடுவதால், கசியும்போது அதுவும் போகிறது. கடைசியில் ஜாம் ஆவது கம்ப்ரஸர். அப்போது வரும் பில்லில் பல கோடைகளுக்கான கேஸ் காசு அடங்கியிருக்கும்.

ஓட்டையைத் தேடுவது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. பானெட்டைத் திறந்து டார்ச் அடித்து, அலுமினியக் குழாய் இணைப்புகளையும் கண்டன்சரின் முகத்தையும் பாருங்கள். எண்ணெய் கசிந்த இடத்தில் தூசி ஒட்டிக் கறுப்புப் பிசுக்காக இருக்கும். முன்பக்கம் கல் தெறித்த கண்டன்சரில் இது அடிக்கடி தென்படும். கேஸ் ஏற்றும் வாயின் மூடியைக் கழற்றிச் சோப்பு நுரை வைத்துப் பார்த்தால், உள்ளிருக்கும் சின்ன வால்வு கசிகிறதா என்பதும் தெரிந்துவிடும். அந்த வால்வின் விலை அற்பம்.

"மீட்டர் வச்சுப் பாத்தா கேஸ் எவ்வளவு இருக்குன்னு தெரிஞ்சிடும்"

டப்பாக்காரர்களின் மொத்த நம்பிக்கையும் இதன்மேல்தான் நிற்கிறது. டப்பாவோடு வரும் மீட்டரில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கட்டம் போட்டிருப்பார்கள். முள் பச்சைக்கு வந்தால் வேலை முடிந்ததாம்.

சமையல் சிலிண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கொஞ்சமாவது திரவம் மிச்சம் இருக்கும்வரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை; சிலிண்டர் முக்கால் பங்கு நிறைந்திருக்கிறதா, கால் பங்கா என்பது அழுத்தத்தில் தெரியாது. தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். காரிலும் அதே கதை. இன்று ஓடும் பெரும்பாலான வண்டிகளில் இருக்கும் ஆர்-134ஏ, இன்ஜின் அணைந்து எல்லாம் 35 டிகிரியில் ஆறிக் கிடக்கும்போது ஏறக்குறைய 114 பி.எஸ்.ஐ. காட்டும். உள்ளே 200 கிராம் இருந்தாலும் அதே அளவு, 500 கிராம் இருந்தாலும் அதே அளவு. ஓடும்போது காட்டும் அழுத்தமோ வெளிவெயில், ஈரப்பதம், இன்ஜின் வேகம், ஃபேன் என்று பத்துக் காரணங்களால் ஏறி இறங்கும். அனுபவசாலிகள் இரண்டு பக்க அழுத்தத்தையும் சேர்த்துப் பார்த்து நோயைக் கணிக்கிறார்கள். எடையை யாரும் அதிலிருந்து படிக்க முடியாது. டப்பா மீட்டர் காட்டுவது ஒரு பக்கத்தை மட்டும்.

பானெட்டுக்கு அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். எந்த கேஸ், எத்தனை கிராம் என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். சின்ன கார்களுக்கு அரைக் கிலோவுக்குச் சற்று முன்பின். இவ்வளவு குறைந்த அளவில் 100 கிராம் கூடினால் அது பெரிய தப்பு. கண்டன்சரில் திரவம் தேங்கி அழுத்தம் எகிறும், கூலிங் குறையும், பாதுகாப்பு சுவிட்ச் கம்ப்ரஸரை நிறுத்தும். "இன்னும் பத்தல" என்று மேலும் கொஞ்சம் ஏற்றுபவர்களும் உண்டு.

"கேஸ் இருக்கான்னு பின்னை அழுத்திப் பாத்தா போதும்"

டயர் வால்வு போலத் தெரிகிற அந்த வாயில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்திப் பார்க்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. ஆர்-134ஏ திறந்த காற்றில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிக்கும். விரலிலோ கண்ணிலோ பட்டால் தசை உறைந்துவிடும். போதாததற்கு, பூமியைச் சூடாக்குவதில் இது கரியமில வாயுவைப் போல 1,430 மடங்கு. அரைக் கிலோவை ஊதி விட்டால், கிட்டத்தட்ட 300 லிட்டர் பெட்ரோலை எரித்து வரும் புகைக்கு ஈடு.

"காலியாயிடுச்சுன்னா நிரப்ப வேண்டியதுதானே, வேக்யூம் எதுக்கு?"

கேஸ் போன வழியாகக் காற்றும் ஈரமும் உள்ளே வந்திருக்கும். காற்று கண்டன்சரில் திரவமாகாது. இடத்தை அடைத்து அழுத்தத்தைக் கூட்டும். ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனிக்கட்டியாகி அடைக்கும், எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும். வேக்யூம் பம்ப் போட்டு அரை மணி நேரமாவது உறிஞ்சி, பிறகு பம்பை நிறுத்தி முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். லைனைத் திறந்து வேலை செய்தால் ஈரத்தை உறிஞ்சும் ட்ரையரையும் மாற்றுவது நல்லது. இதற்கெல்லாம் மெஷின் வேண்டும். வாசலில் வைத்து முடிகிற காரியமில்லை. ஓட்டையைத் தானே அடைக்கும் என்று விற்கிற சீலர் திரவத்தை ஏற்றவே ஏற்றாதீர்கள். அது வால்வையும் அடைக்கும், கடைக்காரரின் மெஷினையும் அடைக்கும்.

"எந்த கேஸா இருந்தா என்ன, கூலிங்தானே?"

சமையல் எரிவாயுவை ஏற்றினாலும் குளிரத்தான் செய்யும். டேஷ்போர்டுக்குள் இருக்கும் காயிலில் ஒரு கசிவு, பக்கத்தில் ஒரு பொறி, அவ்வளவு போதும். போலி டப்பா இதைவிட மோசம். 2011இல் வியட்நாமில் கேஸ் நிரப்பப்பட்ட குளிர்சாதனக் கன்டெய்னர்கள் வெடித்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். ஆர்-134ஏ என்று ஏற்றியதில் மெத்தில் குளோரைடு கலந்திருந்தது. அது அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டதும் தீப்பிடிக்கும் பொருளை உண்டாக்கும். கார் கண்டன்சரும் அலுமினியம்தான். ஹைபிரிட், மின்சாரக் கார்களில் எண்ணெயே வேறு. மாற்றி ஊற்றினால் மின்காப்பு கெடும். ஆரஞ்சு நிறக் கேபிள் கம்ப்ரஸருக்குப் போகிற வண்டியில் கையே வைக்க வேண்டாம்.

"ஏசி கேஸ் தாக்கிச் செத்துட்டாங்க"

நிறுத்திய காரில் ஏசி போட்டுத் தூங்கியவர்கள் இறந்த செய்திகளில் வரும் வாசகம் இது. கொல்வது பெரும்பாலும் இன்ஜின் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு. நிறமும் வாசனையும் இல்லாதது. வீட்டில் ஏசியைச் சோதிக்கிறவர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும்: ஷட்டர் போட்ட கார் ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டு எதையும் பார்க்காதீர்கள்.

வண்டிக்குக் கீழே தண்ணீர் சொட்டினால் கேஸ் கசிகிறதென்று பயப்பட வேண்டாம், அது நல்ல சகுனம். காயிலில் படிந்த ஈரம்தான் அது. உள்ளே, முன்சீட்டுக்காரர் காலடியில் நனைந்தால் வெளியேறும் குழாய் அடைத்திருக்கிறது.

அப்படியானால் வீட்டில் செய்ய எதுவுமில்லையா? நிறைய இருக்கிறது, எல்லாம் குழாய்க்கு வெளியே. முதலில் ஒரு கேள்வி: காற்றே குறைவாக வருகிறதா, காற்று நன்றாக வந்தும் ஜில்லென்று இல்லையா?

காற்று குறைவு என்றால் கேபின் ஃபில்டர். பல வண்டிகளில் முன்சீட்டுக்கு எதிரே உள்ள கிளவ் பாக்ஸின் இரு பக்கத்தையும் உள்நோக்கி அழுத்தினால் அது கீழே மடங்கும். பின்னால் மெல்லிய பிளாஸ்டிக் மூடி, அதற்குள் ஃபில்டர். வேப்பமரத்தடியில் நிற்கும் வண்டியில் காய்ந்த வேப்பம்பூவும் சருகும் மெத்தை போட்டிருக்கும். சில வண்டிகளில் எலி கூடே கட்டியிருக்கும். புது ஃபில்டரில் உள்ள அம்புக்குறி காற்று போகும் திசையைப் பார்க்க வேண்டும். இந்த ஒரு வேலையிலேயே குணமாகிற ஏசிகள் கணிசம்.

நெடுஞ்சாலையில் ஜில்லென்று, சிக்னலில் நின்றால் சூடான காற்று என்றால், கண்டன்சர் பக்கம் போங்கள். ஓடும்போது எதிர்க்காற்று சமாளிக்கிறது. நின்றால் ஃபேன்தான் கதி. ஏசியைப் போட்டுச் சற்று நேரம் பொறுத்தும் ஃபேன் சுற்றவில்லையென்றால் ஃப்யூஸ், ரிலே, மோட்டார் என்று வரிசையாகப் பாருங்கள். ஹாரன் ரிலேயும் ஃபேன் ரிலேயும் ஒரே எண் கொண்டவையாக இருந்தால், வண்டியை அணைத்துவிட்டு ஒன்றையொன்று மாற்றிச் செருகினாலே விடை கிடைத்துவிடும். ஃபேன் எந்த நொடியிலும் திடீரென்று கிளம்பும், விரல் பத்திரம். ஃபேன் சரியென்றால் கண்டன்சரில் படிந்த மண்ணையும் பூச்சியையும் சாதாரண ஹோஸ் தண்ணீரில் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் பிரஷர் துப்பாக்கி தகடுகளை மடக்கிவிடும்.

இவ்வளவும் பார்த்தும் சரியாகவில்லையென்றால் கடைக்குப் போகலாம். அங்கே கேட்க வேண்டியது, உள்ளே இருந்த கேஸை மெஷினில் உறிஞ்சியபோது எத்தனை கிராம் வந்தது, திருப்பி எத்தனை கிராம் போட்டார்கள் என்பது. இரண்டையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். 480 கிராம் வேண்டிய வண்டியிலிருந்து 460 வந்திருந்தால் கேஸ் குறைந்ததே இல்லை, நோய் வேறெங்கோ. 150 வந்திருந்தால் ஓட்டையைக் காட்டாமல் நிரப்ப விடாதீர்கள். எடை பார்க்கிற பழக்கமில்லை என்று சொல்கிற கடையாக இருந்தால், பானெட்டை மூடிக்கொண்டு கிளம்பிவிடலாம்.