மணத்துக்கு எந்த உறை?

கொடைக்கானல் மலையில் யூக்கலிப்டஸும் உண்டு, ஜெரேனியமும் வளரும். இவற்றின் எண்ணெயை நுண்ணுறைக்குள் அடைக்க விரும்பும் இளம் ஆய்வாளர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மணம் எப்போது வெளியே வர வேண்டும்? தண்ணீர் பட்டதுமா, தேய்த்ததுமா, மெல்ல மெல்லவா? உறைக்கான பொருளை அந்தப் பதிலே தீர்மானிக்கும்.

குளியல் பொடிக்கு அரபிக் கோந்தும் மால்டோடெக்ஸ்ட்ரினும் கலந்து தெளித்து உலர்த்தினால் போதும். செலவு குறைவு, தண்ணீர் பட்டதும் கரைந்து மணக்கும். உள்ளே வரும் காற்று 150 முதல் 200 டிகிரி வரை சூடாக இருந்தாலும், நீர் ஆவியாகும்போது துளி குளிர்ந்தே இருப்பதால் எண்ணெயின் பெரும்பகுதி தப்பிவிடும். ஆனாலும் யூக்கலிப்டஸின் சினியோல் எளிதில் பறக்கும், ஜெரேனியத்தின் ஜெரானியோல் அதைவிட நின்று பிடிக்கும்.

மண்டபம் பக்கத்துக் கடல்பாசியிலிருந்து கிடைக்கும் ஆல்ஜினேட்டைக் கால்சியம் குளோரைடில் சொட்டுச் சொட்டாக விட்டால் மணிமணியாக உறையும். காய்ந்த மணி எண்ணெயைக் கசியவிடும் என்பதால் அலமாரிப் பொட்டலத்துக்குப் பொருந்தும், துணிக்கு ஆகாது.

கொடைக்கானல் மலையிலுள்ள மன்னவனூருக்கு உண்மையில் பொருத்தமானது கம்பளித்துணி. மத்தியச் செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இங்கே 1965 முதல் இயங்குகிறது. சால்வையில் ஒட்டியிருந்து, தோளில் உரசும்போது மட்டும் உடையும் உறை வேண்டுமென்றால் நான் கோவாசர்வேஷன் என்ற முறையையே சொல்வேன். புரதக் கரைசலில் எண்ணெயை நுண்துளிகளாகக் கலக்கி, கோந்துக் கரைசல் சேர்த்து, அசிட்டிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பி.எச். 4 பக்கம் இறங்கும்போது நுண்ணோக்கியில் பாருங்கள்: ஒவ்வொரு எண்ணெய்த் துளியையும் சுற்றி மெல்லிய கண்ணாடி வளையம் போல ஒரு படலம் கூடும். பார்க்கப் பார்க்க அலுக்காத காட்சி அது.

வழக்கமாக இதில் சேர்க்கும் புரதம் ஜெலட்டின். அது விலங்கின் தோலிலும் எலும்பிலும் இருந்து வருவது, அதைப் போட்டுவிட்டுத் தாவர உறை என்று விற்கக் கூடாது. பட்டாணிப் புரதம் பயன்படுத்துங்கள். படலத்தை இறுக்க குளுட்டரால்டிஹைடுக்குப் பதில் டானின் போதும். இந்த மலைகளில் நட்ட வாட்டில் மரத்தின் பட்டையிலேயே அது நிறைய இருக்கிறது, கடுக்காயிலும் உண்டு. வெள்ளைச் சால்வையில் மட்டும் பழுப்பேறும், கவனம். உறையைத் துணியில் ஒட்ட அக்ரிலிக் பசை பூசினால், அதுவும் நெகிழிதான் என்பதால், இத்தனை பாடும் வீண்.

ஏற்றுமதி எண்ணம் இருந்தால் இன்னொன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த நுண்நெகிழித் தடை, மண உறைகளுக்கு 2029 அக்டோபர் வரைதான் அவகாசம் தருகிறது. மெலமைன் உறைகள் அதில் சிக்கும். ஆனால் தாவரப் பொருள் என்பதாலேயே விலக்கு கிடைத்துவிடாது. வேதிமாற்றம் செய்த இயற்கைப் பாலிமர் மட்கும் என்று நிரூபித்தாக வேண்டும். டானினால் இறுக்கிய உறைக்கும் அந்தச் சோதனையைத் தொடக்கத்திலேயே செய்துவிடுங்கள்.

கடைசியாக, துவைத்து உலர்த்திய துணியைத் தேய்த்து முகர்ந்து பார்க்க ஆய்வகத்துக்கு வெளியே இருந்து ஓர் ஆளைக் கூப்பிடுங்கள். நாள் முழுக்க எண்ணெயோடு இருந்த மூக்குக்கு வித்தியாசம் பிடிபடாது.