பிள்ளைக்காக அழைக்கிறீர்களா? உங்களைப் பற்றியும் பேசுங்கள்

செல்போனிலேயே மின்கட்டணம் கட்டுகிறோம், பட்டா பார்க்கிறோம், பஸ் டிக்கெட் எடுக்கிறோம். அதே போனில் 14416 என்ற ஐந்து இலக்கங்களை அழுத்தினால், பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவரிடம் தமிழிலேயே பேசலாம். பகலோ ராத்திரியோ, எந்த நேரமும் பேசலாம். கட்டணம் கிடையாது. ஆனாலும் "அது நமக்கில்ல, பெரிய பிரச்சினை உள்ளவங்களுக்கு" என்று நினைத்து விட்டுவிடுகிறோம். அந்த நினைப்பு சரியா என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

எப்படி வந்தது இந்தச் சேவை?

'டெலி மானஸ்' என்ற பெயரில் மத்திய அரசு 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று இதைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் அதே மாதம் 'நட்புடன் உங்களோடு மனநல சேவை' என்ற பெயரில் அறிமுகமானது. 1800-891-4416 என்ற எண்ணிலும் அழைக்கலாம். 2024 அக்டோபர் 10 அன்று டெலி மானஸ் செயலியும் வந்தது.

தூரத்தில் இருந்தபடியே மனநல ஆலோசனை பெறுவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய 'ஸ்கார்ஃப்' நிறுவனம், 2010 வாக்கில் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. அதில் இருந்த திரை வழியாக ஊர் மக்கள் சென்னை மருத்துவரிடம் பேசினார்கள். அன்றைக்குப் பேருந்து வர வேண்டியிருந்தது. இன்றைக்கு அந்த வேலையை உங்கள் கையில் இருக்கும் போனே செய்கிறது.

யார் அழைக்கலாம்?

ஒரு உதாரணத்துக்கு, தூத்துக்குடி திரேஸ்புரத்தில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அப்பா நாட்டுப்படகில் கடலுக்குப் போகிறவர். பலத்த காற்று எச்சரிக்கையால் ஒரு வாரமாகப் படகு கரையிலேயே நிற்கிறது. மீன்பாடு இல்லை. வாங்கின முன்பணத்தை வியாபாரி கேட்டுக்கொண்டே இருக்கிறார். பிளஸ் 2 படிக்கிற மகன் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுகிறான். அப்பா சத்தம் போடுகிறார். இரண்டு பேருக்கும் நடுவில் அம்மா. ராத்திரி தூக்கமே வருவதில்லை. விடிந்தால் மீன் விற்கப் போக வேண்டும்.

இந்த வீட்டில் யாருக்கும் நோய் என்று பெயர் வைக்க வேண்டியதில்லை. ஆனாலும் மூன்று பேருமே 14416-ஐ அழைக்கலாம். தூக்கம் கெடுவது, பரீட்சை பயம், கடன் கவலை, கணவன் மனைவி சண்டை, பிள்ளை பேசாமல் இருப்பது என எதுவானாலும் பேசலாம்.

அழைத்தால் என்ன நடக்கும்?

முதலில் மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் பதிவுக் குரல் வரும். தமிழைத் தேர்ந்தெடுத்தால் ஆலோசகர் பேசுவார். உங்கள் கஷ்டத்தைக் கேட்டு, செய்யக்கூடியதைச் சொல்வார். மருத்துவ உதவி தேவை என்று பட்டால் மனநல மருத்துவரிடமோ, உங்கள் மாவட்டத்து அரசு மருத்துவமனைக்கோ வழிகாட்டுவார். தூத்துக்குடிக்காரர்களுக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது.

பெற்றோர் கவனிக்க வேண்டியது இங்கேதான். நம் உதாரணத்து அம்மா அழைக்கிறார் என்று வையுங்கள்.

"பையன் பேசவே மாட்டேங்கான். எடுத்ததுக்கெல்லாம் எரிஞ்சு விழுதான். நீங்க கொஞ்சம் புத்தி சொல்லுங்க."

"அவருக்கு விருப்பம் இருந்தா கண்டிப்பா பேசலாம்மா. நீங்க எப்படி இருக்கீங்க? ராத்திரி தூங்குறீங்களா?"

'நான் என்னைப் பத்திக் கேக்கலையே' என்று தோன்றலாம். ஆனால் அந்தக் கேள்வியில் காரணம் இருக்கிறது. விருப்பமில்லாத பிள்ளையின் கையில் போனைத் திணித்தால், ஆலோசனையும் அவனுக்கு இன்னொரு தண்டனையாகிவிடும். அவன் எப்போது மனம் திறப்பான் என்பது உங்கள் கையில் இல்லை. நீங்கள் அவனிடம் எப்படிப் பேசுகிறீர்கள் என்பது உங்கள் கையில் இருக்கிறது. தூக்கமில்லாமல், உள்ளுக்குள் பயந்துபோய் இருக்கிற ஒருவரால் நிதானமாகப் பேச முடியாது. அதனால்தான் பிள்ளைக்காக அழைத்தாலும், உதவி பெற்றோரிடமிருந்து தொடங்குகிறது.

இன்றைக்கே செய்து பார்க்க ஒரு பயிற்சி

"எப்பப் பாத்தாலும் போனு" என்பது குற்றச்சாட்டு. அதற்குப் பதில் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லிப் பாருங்கள்: "நாலு நாளா பாதிச் சாப்பாட்டுல எந்திரிச்சிடுத. எனக்குக் கவலையா இருக்கு." சொன்ன பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். பதில் உடனே வராமல் போகலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். வீட்டில் பத்துப் பேர் இருக்கும்போது கேட்காதீர்கள்.

ஒற்றை அறை வீட்டில் எப்படிப் பேசுவது?

நிறைய பேருக்கு உண்மையான தடை இதுதான். வீட்டில் எல்லோர் காதிலும் விழும். கடற்கரைக்கு நடந்துபோய்ப் பேசலாம், மொட்டை மாடியில் பேசலாம், எல்லோரும் வேலைக்குப் போன நேரத்தில் அழைக்கலாம். அழைப்பதற்கு முன் மூன்று விஷயங்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: என்ன நடக்கிறது, எத்தனை நாளாக, எந்த உதவி வேண்டும். பேச்சு சுருக்கமாகவும் தெளிவாகவும் இருக்கும்.

"வெளியில தெரிஞ்சா என்ன நினைப்பாங்க?"

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, சிகிச்சை பெறுபவரின் விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையைத் தருகிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளில் மட்டும் அதற்கு விலக்கு உண்டு.

வெட்கத்தைப் பொறுத்தவரை, திரேஸ்புரத்துக்காரர்களுக்குத் தெரிந்த ஒரு விஷயத்தையே சொல்லலாம். முத்துக்குளிக்கப் போனவரின் கயிறு, மேலே படகில் இருந்த ஒருவர் கையில்தான் இருந்தது. மூச்சு முட்டும்போது கயிற்றை அசைத்தால் மேலே இழுத்துவிடுவார்கள். கயிற்றை அசைத்தவரை யாரும் கோழை என்று சொன்னதில்லை.

ஏமாறாமல் இருக்க

சமூக வலைதளங்களில் 'ஆன்லைன் கவுன்சலிங்' என்று நிறைய விளம்பரங்கள் வருகின்றன. பணம் கட்டும் முன் பேசுபவரின் படிப்பையும் பதிவையும் கேளுங்கள். "ஒரே வாரத்தில் மாற்றிக் காட்டுகிறேன்" என்று உறுதி சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். 14416-இல் பேச ஓடிபியோ, வங்கி விவரமோ தேவையில்லை. யாராவது கேட்டால் போனை வைத்துவிடுங்கள்.

அவசரம் என்றால்

உயிரை விட்டுவிடலாமா என்று யாராவது பேசினால் விளையாட்டாக எடுக்காதீர்கள். "அப்படி எண்ணம் வருதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. அவரைத் தனியாக விடாமல் 14416-ஐ அழையுங்கள். ஏற்கெனவே தீங்கு செய்துகொண்டிருந்தால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

மற்ற எண்கள்: உடல்நலம், மனநலம் குறித்த ஆலோசனைக்கு 104. குழந்தைகள் பாதுகாப்புக்கு 1098. பெண்களுக்கு 181. குடி, போதைப் பழக்கத்திலிருந்து மீள 14446. முதியோருக்கு 14567.

படித்து முடித்ததும் 14416-ஐ உங்கள் போனில் சேமித்து வையுங்கள். வீட்டில் இருக்கும் மற்ற போன்களிலும் சேமித்துக் கொடுங்கள். எதற்கு என்று பிள்ளை கேட்டால், "எனக்கும் தேவைப்படலாம், உனக்கும் தேவைப்படலாம்" என்று சொல்லுங்கள். அன்றைக்கு அவ்வளவு சொன்னால் போதும்.