வடிகால் ஜலத்தினின்று நைட்ரேட்டை நீக்கும் மரச்சில்லுக் குழி

பயிருக்கு இடும் தழைச்சத்தில் ஒரு பகுதி நிலத்தில் நைட்ரேட் என்னும் உப்பாக மாறுகின்றது. இவ்வுப்பு ஜலத்தில் எளிதிற் கரைவது. களிமண்ணைப் பற்றி நிற்கும் குணம் இதற்கில்லை. ஆதலால் வேர் ஏற்றதுபோக எஞ்சியது மழைஜலத்தோடு கீழே இறங்கிவிடுகின்றது. அமெரிக்காவின் அயோவா மாகாணத்தில், மக்காச்சோளமும் சோயா மொச்சையும் விளையும் நிலங்களின் அடியில், 3 அல்லது 4 அடி ஆழத்தில் வடிகாற் குழாய்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஈர நிலத்தைச் சாகுபடிக்கு ஏற்றதாக்கிய இக்குழாய்களே நைட்ரேட்டையும் ஓடைகளிற் கொண்டுபோய் விடுகின்றன.

இதனால் விளையும் தீங்கு சிறிதன்று. நைட்ரேட் மிகுந்த கிணற்று ஜலத்திற் கலந்த பாலுணவை உண்ட கைக்குழந்தைகளின் உடல் நீலம் பாரித்ததை, அம்மாகாணத்து வைத்தியர் ஹண்டர் காம்லி 1945ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். நைட்ரேட் குழந்தையின் வயிற்றில் நைட்ரைட்டாக மாறி, பிராணவாயுவைச் சுமக்கும் இரத்தத்தின் சக்தியைக் கெடுக்கின்றது. குடிஜலத்தில் லிட்டருக்கு, நைட்ரேட்டிலுள்ள தழைச்சத்து 10 மில்லிகிராமுக்கு மேற்படலாகாதென்பது அந்நாட்டு விதி. காய்ச்சினால் இக்குற்றம் நீங்குமென்று எண்ணுவது தவறு. ஜலம் சுண்டச் சுண்ட நைட்ரேட்டின் செறிவு ஏறுமேயன்றிக் குறையாது.

வயலோரத்திலேயே செய்யத்தக்க பரிகாரம் மரச்சில்லுக் குழி. இதன் தத்துவம் நெல் சாகுபடி செய்வோர் நஷ்டமாக அறிந்திருப்பதேயாம். ஜலம் தேங்கிய நஞ்சையில் நைட்ரேட் உரம் இட்டால், காற்றோட்டமற்ற சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் பிராணவாயுவின் பொருட்டு அதனைச் சிதைத்து, தழைச்சத்தை வாயுவாக வெளியேற்றிவிடுகின்றன. அதனாலேயே நஞ்சைக்கு அம்மோனிய உரம் சிபாரிசு செய்யப்படுகின்றது. வயலில் வேண்டாத இக்காரியத்தை வடிகாலின் முனையில் வேண்டிச் செய்விப்பதே இக்குழி.

குழாய் ஓடையில் விழுமுன் நீண்ட பள்ளம் வெட்டி, மரச்சில்லுகளால் நிரப்பி, விரிப்பிட்டு மண்ணால் மூடுவர். மரம் நுண்ணுயிர்களுக்கு உணவாகும். அவற்றை வெளியினின்று கொண்டுவர வேண்டியதில்லை. இயற்கையில் உள்ளவையே பெருகும். இரு முனைகளிலும் பலகை செருகும் தொட்டிகள் அமைத்து ஜலமட்டத்தை ஏற்றி இறக்குவர். குழியின் பலன் பெரும்பாலும் இப்பலகைகளைப் பொறுத்தது. ஜலம் சில மணி நேரமேனும் உள்ளே தங்காது விரைந்து கடந்தால் நைட்ரேட் அப்படியே போகும். அளவுக்கு மேல் தங்கினாலோ, நைட்ரேட் தீர்ந்தபின் நுண்ணுயிர்கள் கந்தக உப்பைச் சிதைக்கத் தொடங்கும். அழுகிய முட்டை நாற்றம் அதற்கு அடையாளம். அப்பொழுது பலகையொன்றை எடுத்து ஓட்டத்தை மிகுவிக்க வேண்டும்.

பெருமழையில் மிகுதி ஜலம் சுத்தியடையாமலே வேறு வழியாய்ச் செல்லும். குளிர்காலத்தில் நுண்ணுயிர்களின் வேலையும் மந்தப்படும். 2013ஆம் ஆண்டில் வெளிவந்த அயோவாத் திட்டம், இக்குழியால் சராசரி நூற்றுக்கு 43 பங்கு நைட்ரேட் குறையுமென்றே மதிப்பிட்டது. ஆகவே, உரத்தை அளவறிந்து இடுவதற்கு இது பதிலாகாது.

சில்லுகள் மண்ணும் தழையும் கலவாதவையாய் இருத்தல் வேண்டும். மருந்தேற்றிய மரம் கூடவே கூடாது. மரத்தூள் ஓட்டத்தை அடைத்துவிடும். புதுக்குழியினின்று முதலில் தேநீர் நிறமான மரச்சாறு வடியும். அதை மீனுள்ள சிறு குட்டையில் விடலாகாது. சில்லுகள் மெல்ல மக்குவதால், ஏறக்குறைய 10 ஆண்டுகள் கழிந்தபின் குழியைத் திறந்து புதியவற்றை நிரப்புதல் வேண்டும்.