பெற்றதை மறையாமை

ஐப்பசித் திங்களில் தீபாவளி நெருங்குகையில், நம் இல்லங்களில் புத்தாடையும் பலகாரமும் முன்னே வந்து நிற்கின்றன. விழாவின் உட்பொருள் பின்னே ஒதுங்கி விடுகின்றது. அவ்வுட்பொருளை இப்பாடத்தில் சற்றே ஆராய்வோம்.

பகவான் மகாவீரர் பாவாபுரியில் வீடுபேறு எய்திய நன்னாள் இது. அது கி.மு. 527இல் நிகழ்ந்ததென்பது நம் மரபுக் கணக்கு. அதன் 2500ஆம் ஆண்டு 1974இல் நாடெங்கும் கொண்டாடப்பெற்றதை மூத்தோர் நினைவுகூர்வர். ஜினசேனாசாரியர் கி.பி. 783இல் நிறைவு செய்த ஹரிவம்ச புராணம், அன்று பாவாபுரி தீபங்களால் ஒளிர்ந்ததையும், அந்நினைவாக மக்கள் ஆண்டுதோறும் விளக்கு வரிசை வைத்து வழிபடுவதையும் கூறுகின்றது. எனவே நாம் ஏற்றும் தீபாவளி விளக்கை நன்றி விளக்கு என்றே கொள்ளல் தகும்.

இங்கே ஓர் ஐயம் எழும். நம் பிள்ளைகளே கேட்பதுண்டு: “பகவான் விருப்பு வெறுப்பற்றவர், எவருக்கும் எதுவும் தருவதில்லை. நாம் பெறுவதெல்லாம் நம் வினையின் பயன். அப்படியாயின் யாருக்கு நன்றி? எதற்கு நன்றி?”

இவ்வினாவை அதட்டி அடக்குதல் கூடாது. இதற்கு நம் ஆகமங்களிலேயே விடை உண்டு. ஒரு செயல் நிறைவேற அகக்காரணம், புறக்காரணம் என இரண்டு வேண்டும். முன்னதை உபாதானம் என்றும், பின்னதை நிமித்தம் என்றும் நூல்கள் கூறும். முளைக்கும் ஆற்றல் விதையினுடையதே. அதனால் நீர் வார்த்தவன் ஏதும் செய்யவில்லை என்று கூறிவிட முடியுமா? பகவான் நம்மைக் கரையேற்றவில்லை. கரையேறும் நெறியைக் காட்டினார். நடக்க வேண்டியவர் நாம். எனினும் நெறி காட்டியவரை மறத்தல் முறையாகாது.

உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில் ஒவ்வொரு திரவியத்தின் உதவியையும் கூறுகிறார். தர்ம திரவியம் இயக்கத்துக்கும், அதர்ம திரவியம் நிலைபேற்றுக்கும் துணையாகின்றன, ஆகாயம் இடந்தருகின்றது. உயிர்களைப் பற்றிக் கூறுமிடத்து, ஒன்றுக்கொன்று உதவுதலே அவற்றின் பணி என்கிறார். அவ்வுதவியை உணர்தல் உள்ளதை உள்ளவாறு அறிதலேயாகும்.

உணர மறுப்பின் என்னாகும்? அதே நூலின் ஆறாம் அத்தியாயம், அறிவை மறைக்கும் ஞானாவரணீய வினை வந்து சேர்வதற்கான காரணங்களுள் ‘நிஹ்னவம்’ என்பதையும் எண்ணுகின்றது. கற்றதை ஒளித்தலும், கற்பித்தவரை மறைத்தலும் இதனுள் அடங்கும். ஞானாசாரத்தின் எட்டு அங்கங்களுள் ஒன்றான ‘அநிஹ்னவம்’ இதற்கு மறுதலை. யாரிடம் கற்றோமோ அவர் பெயரை மறையாமை. ஆசிரியரை மறைப்பவனால் ஆசிரியருக்குக் குறை ஏதும் நேராது. அவன் தன் அறிவுக்கே திரையிட்டுக் கொள்கிறான்.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர் சைவ நூல்களில் ஊறியவர். 1880இல் அவர் சீவக சிந்தாமணியைப் பயிலத் தொடங்கியபோது, சமண சமயக் கருத்துகள் பல விளங்கவில்லை. அவ்வூர்ச் சமண இல்லங்களிலோ சிந்தாமணியை ஓதிப் பொருள் கேட்கும் வழக்கம் இருந்து வந்தது. ஐயர் அங்கே சென்று, சந்திரநாதச் செட்டியார் முதலியோரிடம் ஐயம் தெளிந்தார். 1887இல் நூல் அச்சேறியது. யாரிடம் கேட்டுத் தெளிந்தார் என்பதைத் தம் வாழ்க்கை வரலாறான ‘என் சரித்திரம்’ நூலில் பெயர் சுட்டி எழுதி வைத்தார். அவருடைய ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876இல் மறைந்தார். 57 ஆண்டுகள் கழிந்து, 1933இல், அப்பெருமானின் சரித்திரத்தின் முதற் பகுதியை ஐயர் வெளியிட்டார். வேறு சமயத்தவராயினும் அநிஹ்னவத்துக்கு இலக்கணமாய் நின்றார் அவர். திருத்தக்கதேவரின் காப்பியத்தை இன்று எளிதில் கையிலெடுக்கும் நாம், ஏட்டைக் காத்த முன்னோருக்கும் அச்சிட்ட ஐயருக்கும் ஒருங்கே கடன்பட்டுள்ளோம்.

ஏட்டில் கற்ற இப்பாடம் அடுக்களையிலும் கழனியிலும் பயன்பட வேண்டும். இரவுண்ணாமை நம் குலத்தின் சிறந்த ஒழுக்கம். கதிரவன் மறையுமுன் உணவு நம் முன் வருவதற்கு, பிற்பகல் முழுதும் அடுப்பின்முன் ஒருவர் நிற்கின்றார். நீரை வடிகட்டி வைப்பவரும் பெரும்பாலும் அவரே. விரதப் புண்ணியம் வீட்டார்க்கு, களைப்பு மட்டும் அவருக்கு என்பது நீதியாகுமா? அவ்வாறே, நம் நிலத்தில் நாற்று நட்டவருக்குக் கூலியைக் காலந்தாழ்த்திக் கொடுத்துவிட்டு, கோயிலில் பெரிய அகல் ஏற்றுவதால் பயனில்லை. உரிய நேரத்தில் உரியதைக் கொடுத்தலே அங்கு நன்றியாகும். மண், நீர், காற்று, மரம் என்னும் ஓரறிவுயிர்களுக்கு நாம் சொல்லும் நன்றி அவற்றின் செவி சேராது. அவற்றுக்குத் தீங்கு குறைத்தலே நாம் காட்டத்தக்க நன்றி. வெடிகளைத் தவிர்க்க வேண்டுவதும் இதுபற்றியே.

திருக்குறளில் செய்ந்நன்றி அறிதல் என ஓர் அதிகாரம் இருப்பதை நம் பிள்ளைகள் அறிவர்; பத்துக் குறளையும் தேர்வுக்கு ஒப்பிப்பர். ஒப்பித்தலோடு பாடம் நின்றுவிடாதிருக்கப் பெற்றோர் பின்வரும் பயிற்சிகளைச் செய்விக்கலாம்.

வீட்டுப் பயிற்சி

1. தீபாவளி மாலையில் விளக்கேற்றும்போது, ஒவ்வொரு விளக்குக்கும் தமக்கு நெறி காட்டிய ஒருவர் பெயரைப் பிள்ளைகள் சொல்லுதல்.

2. அம்மா, பாட்டி இவர்களின் அன்றாடப் பணிகளுள் ஒன்றை அப்பாவும் பிள்ளைகளும் விழாக் காலம் முழுதும் ஏற்றுச் செய்தல்.

3. எழுத்துக் கற்பித்த ஆசிரியர் உயிரோடிருப்பின் நேரில் சென்று வணங்குதல். தொலைவில் இருப்பின் கடிதம் எழுதுதல்.

4. இரவில் உறங்குமுன், “இன்று எவரிடம் எதைப் பெற்றேன்? அதை ஒளித்தேனா?” என்று தன்னைத்தானே வினவுதல். பிரதிக்கிரமணம் செய்வோர் இதனையும் அத்துடன் சேர்த்துக் கொள்ளலாம்.

விழா ஒரு நாளில் முடியும். நான்காம் பயிற்சிக்கு ஆண்டு முழுதும் நாள் உண்டு. அதை இன்றிரவே தொடங்குவோமாக.