திருடன் கண்ணில் படாத ஐஆர் லைட்: எதை வாங்கலாம்?

கேள்வி: பொள்ளாச்சி பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. கிணற்று மோட்டாரின் காப்பர் கேபிளை இரண்டு முறை வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மோட்டார் ரூம் வாசலைப் பார்த்த மாதிரி கேமரா வைத்தோம். ராத்திரியில் லென்ஸைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகள் தெரிகின்றன. போன மாதம் யாரோ பின்பக்கமாக வந்து அதன் மேல் சாக்கைப் போட்டுவிட்டார்கள். வெளியே தெரியாத ‘940’ ஐஆர் லைட் இருக்கிறது என்கிறார் கடைக்காரர். அதை வாங்கலாமா? கேமராவையும் மாற்ற வேண்டுமா? 100 அடி தள்ளியிருக்கும் கேட்டும் அந்த வெளிச்சத்தில் தெரியுமா?

பதில்: மோட்டார் ரூம் வாசலுக்கு 940 தாராளமாக வாங்கலாம். கேமராவைப் பெரும்பாலும் மாற்ற வேண்டியிருக்காது. கேட்டுக்கு மட்டும் அது சரிப்படாது.

850, 940 என்பவை ஐஆர், அதாவது அகச்சிவப்பு வெளிச்சத்தின் அலைநீளம்; நானோமீட்டர் கணக்கு. 700-ஐத் தாண்டினால் நம் கண்ணின் உணர்திறன் மளமளவென்று குறையும். ஆனால் ஒரேயடியாக நின்றுவிடாது. அதனால்தான் உங்கள் கேமராவில் இருப்பது போன்ற 850 எல்இடி இருட்டில் அணையப்போகிற கங்கு மாதிரி மங்கலாகச் சிவக்கிறது. 940-ல் அந்தச் சிவப்பும் தெரியாது.

இந்த மறைவுக்கு விலை உண்டு. கேமராவுக்குள் இருப்பது சிலிக்கான் சென்சார். அலைநீளம் கூடக் கூட அதற்கும் பார்வை மங்கும். 850-ல் கிடைப்பதில் பாதியோ அதற்கும் குறைவோதான் 940-ல் கிடைக்கும். வெளிச்சமோ தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். இரண்டு மடங்கு தூரம் போக நான்கு மடங்கு வெளிச்சம் வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், 850-ல் 30 மீட்டர் காட்டும் கேமரா, அதே சக்தியுள்ள 940 லைட்டில் 15 முதல் 20 மீட்டர்தான் காட்டும். உங்கள் கேட் 30 மீட்டரில் இருக்கிறது. வாசல் எட்டிவிடும், கேட் எட்டாது.

பணம் போடுவதற்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். டிவி ரிமோட்டுகளில் பெரும்பாலும் 940 எல்இடிதான் இருக்கும். இருட்டில் கேமராவை நைட் மோடுக்குக் கொண்டுவந்து, ரிமோட்டை அதன் எதிரே நீட்டி ஒரு பட்டனை அழுத்துங்கள். திரையில் ரிமோட்டின் முனை வெள்ளையாக மினுக்கினால் உங்கள் கேமரா 940-ஐப் பார்க்கிறது.

அடுத்தது செட்டிங்ஸ். புது லைட்டைப் போட்டுவிட்டு, கேமராவின் சொந்த ஐஆரை அணைக்காமல் விட்டால் சிவப்புப் புள்ளிகள் அப்படியே இருக்கும். சொந்த ஐஆரை ‘ஆஃப்’ செய்து, நைட் மோடை மட்டும் நேரக் கணக்கில் ஓட விடுங்கள். ‘ஆட்டோ’வில் விட்டால் சில கேமராக்கள் புது லைட்டைப் பார்த்துப் பகல் என்று ஏமாந்து கலர் மோடுக்குத் தாவும், படம் கறுத்ததும் மறுபடி நைட் மோடுக்கு வரும். ஒவ்வொரு முறையும் உள்ளே ஃபில்டர் நகரும் ‘டிக்’ சத்தம் அமைதியான தோப்பில் நன்றாகவே கேட்கும். வைஃபை கேமராவாக இருந்தால் அதில் எரியும் சின்ன நீலம் அல்லது பச்சை லைட்டையும் அணைத்துவிடுங்கள்.

லைட்டைக் கேமராவுக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. வாசலுக்கு நேர் மேலே, கூரைச் சரிவின் அடியில், கீழே பார்த்த மாதிரி மாட்டுங்கள். எட்டு, பத்து அடிக்குள் விழும் வெளிச்சத்துக்குச் சின்ன லைட்டே போதும். 940-ன் பலவீனம் அங்கே பெரிதாகத் தெரியாது. கேமராவோ தள்ளி, கைக்கு எட்டாத உயரத்தில் இருட்டில் இருக்கட்டும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஐஆர் லென்ஸை ஒட்டியே எரிந்தால் பூச்சி மொய்க்கும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வலை கட்டும். அந்த வலையும் மழைத்துளியும் படம் முழுக்க வெள்ளை வெள்ளையாக மின்னும். லைட்டைப் பிரித்து வைத்தாலே இந்தத் தொல்லை பெரிதும் குறையும். தென்னை ஓலை கேமராவுக்கு முன்னால் தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பச்சை இலை அகச்சிவப்பை நிறையத் திருப்பி அனுப்பும். முன்னால் ஓலை பளீரென்று வந்தால் பின்னால் நிற்கும் ஆள் கறுத்துவிடுவார்.

கடையில் வாட்ஸைவிட, வெளிச்சம் விரியும் கோணத்தைக் கேளுங்கள். வாசலுக்கு 90 டிகிரி சரி. 30 டிகிரி லைட் நடுவில் மட்டும் வட்டமாக அடிக்கும். மழைக்கு ஐபி66 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். ‘தெரியாது’ என்று சொல்லி 850-ஐத் தலையில் கட்டுபவர்களும் உண்டு. இருட்டில் எரியவிட்டுச் சில அடி தள்ளி நின்று பாருங்கள். சிவப்பு தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒன்றும் தெரியவில்லையே என்று கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து உற்றுப் பார்க்க வேண்டாம். பளீரென்ற வெளிச்சத்துக்குச் சுருங்கும் கண்மணி, தெரியாத வெளிச்சத்துக்குச் சுருங்காது.

லைட்டுக்குத் தனி 12 வோல்ட் அடாப்டர் போடுங்கள். கேமராவின் அடாப்டரிலேயே இழுத்தால், பகலெல்லாம் ஒழுங்காக ஓடும் கேமரா ராத்திரி லைட் எரிந்ததும் அணைந்து அணைந்து எரியும். மெல்லிய ஒயரில் 12 வோல்ட்டை வெகுதூரம் கொண்டுபோனாலும் இதே கதிதான்.

கேட்டுக்கு 850 உள்ள இன்னொரு கேமராவைக் கம்பத்தில் உயரமாக மாட்டுங்கள். அங்கே சிவப்பு தெரிந்தால் நல்லதுதான். கேமரா இருக்கிறது என்று தெரிந்தாலே பாதிப் பேர் திரும்பிப் போவார்கள். அதையும் மீறி உள்ளே வருபவரின் முகத்தை வாசல் கேமரா பிடிக்கும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: 940 வெறும் கண்ணுக்குத்தான் மறைவு. செல்போன் கேமராவை நீட்டிப் பார்ப்பவருக்கு அது தெரிந்துவிடக்கூடும். ஆகவே, பதிவாகும் டிவிஆர் பெட்டியை மோட்டார் ரூமில் வைக்காமல், வீட்டில் பூட்டிய அறையில் வையுங்கள்.