பெட்டூனியா பூக்கட்டும்... கொசு வேண்டாம்!

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பூத்துக் குலுங்கும் பெட்டூனியாவைப் பார்த்தால் மனசு கேட்காது. வயலட், வெள்ளை, ரோஸ் என்று நாலு செடி வாங்கி, மின்சார ரயிலில் மடியில் வைத்துத் தாம்பரம் கொண்டுவந்து சேர்ப்போம். பத்தே நாளில் தண்டு அழுகிச் சாய்ந்துவிடும். "எனக்குக் கைராசி இல்லீங்க" என்று புலம்புவோம்.

கைராசியெல்லாம் ஒண்ணுமில்லை. வாங்கின மாசம் தப்பு. தொட்டிக்கு அடியில் வைத்த தட்டும் தப்பு!

பெட்டூனியாவின் பூர்வீகம் தென் அமெரிக்கா. கத்தரி, தக்காளி, புகையிலைக்கெல்லாம் சொந்தக்காரச் செடி. வெயில் வேண்டும், ஆனால் வேரில் தண்ணீர் தேங்கினால் தாங்காது. நமக்கோ ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் முடிச்சூரில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தது ஞாபகம் இருக்கிறதல்லவா? அதனால் டிசம்பர் பாதிக்கு மேல், மழை ஓய்ந்த பிறகு செடி வாங்குங்கள். தை, மாசி, பங்குனி வரை பூக்கும். கோடை உக்கிரமானால் வாடிவிடும். அது உங்கள் குற்றமல்ல.

விதை போடுவதானால் அக்டோபரில், மழை படாத சன்ஷேடுக்குக் கீழே தூவலாம். விதை தூசி மாதிரி இருக்கும். மண் போட்டு மூடாதீர்கள். முளைக்க வெளிச்சம் தேவை.

எட்டு அங்குலத் தொட்டி போதும். செம்மண், மணல், மக்கிய எரு மூன்றும் சம அளவு. அடியில் ஓட்டை அவசியம். தினம் ஐந்தாறு மணி நேரம் வெயில் படட்டும். மேல்மண் காய்ந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்து, காலையில் வேரில் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். பூவில் ஊற்றினால் அழுகும்.

செடி அரை அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். பக்கக் கிளை வெடிக்கும். வாடின பூவை அடியிலுள்ள பச்சைக் காம்போடு கிள்ள வேண்டும். விட்டால் விதை கட்டி, பூப்பது குறைந்துவிடும். அசுவினி வந்தால், ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் துளி சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலம் தெளியுங்கள். பீடி, சிகரெட் பிடித்த கையைக் கழுவாமல் செடியைத் தொட வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லி வையுங்கள். புகையிலையிலுள்ள வைரஸ் செடிக்கும் ஒட்டிக்கொள்ளும்!

இனி அந்தத் தட்டு. தரை கறையாகக் கூடாதென்று வைக்கிறோம். அதில் நிற்கும் தெளிந்த தண்ணீர்தான் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது; விளிம்பில் ஒட்டின முட்டை காய்ந்த பிறகும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். வாரம் ஒருநாள் தேங்காய் நாரால் தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள். தட்டே வேண்டாமென்றால் தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். வேரும் பிழைக்கும்.

மழைக்காலத்தில் வீட்டில் யாருக்காவது காய்ச்சலா? நாமாக ஆஸ்பிரின், இபுபுரூஃபன் கொடுக்கக் கூடாது. டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு ஆபத்து. டாக்டரிடம் காட்டுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் காலை பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். செடிக்கும் நல்லது, குழந்தைகளுக்கும் நல்லது!