காஸ் அடுப்பும் எமது வீட்டுப் பாதுகாப்பும்



பிரித்தானியாவில் வாழும் எம்மவரின் வீடுகள் பலவற்றில் காஸ் அடுப்பிலேயே சமையல் நடைபெறுகின்றது. எமது சமையலோ நெருப்பின் முன் நெடுநேரம் நிற்க வேண்டிய சமையல். நவராத்திரி, தைப்பொங்கல், தீபாவளி என்று வந்துவிட்டால் வடையும் முறுக்கும் சுட்டு முடிக்க அரை நாள் ஆகிவிடும். குளிர்காலமாயின் அவ்வளவு நேரமும் யன்னல்கள் பூட்டியே இருக்கும். ஆகவே காஸ் அடுப்பைப் பற்றி வீட்டிலுள்ள ஒவ்வொருவரும், சிறுவர் முதல் ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மம்மா, அப்பப்பா வரை, அறிந்திருக்க வேண்டியவற்றை இம்முறை பாடமாகத் தருகின்றோம்.

இரண்டு ஆபத்துக்கள்

காஸினால் வரும் ஆபத்து இரு வகைப்படும். ஒன்று எரியாத காஸ். மற்றது சரியாக எரியாத காஸ். இந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்டால் பாடத்தின் பாதி முடிந்துவிடும்.

குழாய் வழியாக எமது வீடுகளுக்கு வருவது இயற்கை வாயு. இதன் பெரும்பகுதி மீதேன். இதற்கு இயல்பில் மணமே இல்லை. கசிந்தால் மூக்கு அறியவேண்டும் என்பதற்காகவே ஒரு கெட்ட மணத்தைச் சேர்த்து அனுப்புகிறார்கள். எனவே எரியாத காஸ் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும்.

சரியாக எரியாத காஸ் அப்படியன்று. எரிவதற்குப் போதிய காற்றுக் கிடையாதபோது கார்பன் மொனொக்சைட்டு என்னும் நச்சு வாயு உண்டாகின்றது. இதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. நாம் சுவாசிக்கும் ஒட்சிசனை உடலெங்கும் கொண்டுசெல்வது இரத்தத்திலுள்ள ஈமோகுளோபின். இந்த நச்சு வாயு ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அதனைப் பற்றிக்கொள்ளும். அதனால் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே உடலுக்கு ஒட்சிசன் கிடையாமற் போகின்றது. நித்திரையில் இருப்பவர் எழும்பாமலே இறந்துவிடவும் கூடும். கர்ப்பிணிகள், குழந்தைகள், வயோதிபர் ஆகியோரை இது விரைவிற் பாதிக்கும்.

சுவாலையைப் பாருங்கள்

நல்ல அடுப்பின் சுவாலை நீல நிறமாகவும் உறுதியாகவும் இருக்கும். சுவாலை மஞ்சளாக அல்லது செம்மஞ்சளாக மாறிச் சோம்பலாக அசைந்தாலோ, பாத்திரத்தின் அடியிற் கரி படிந்தாலோ காஸ் சரியாக எரியவில்லை என்பது பொருள். சோறு பொங்கி வழிந்து எரிகலனின் துவாரங்கள் அடைபட்டிருக்கலாம். அடுப்பை நிறுத்தி ஆறவிட்டு, மூடிகளைக் கழற்றிக் கழுவி, நன்றாக உலர்த்திச் சரியாகப் பொருத்துங்கள். அதன் பின்னரும் மஞ்சள் நிறம் மாறாவிட்டால் அந்த அடுப்பைப் பாவிக்க வேண்டாம். உரியவரை அழைத்துக் காட்டுங்கள்.

எமது வீடுகளில் நடக்கும் சில வழக்கங்களையும் இவ்விடத்திற் சொல்லவேண்டும்.

1. அடுப்பு அழுக்காகாமல் இருக்க அலுமினியத் தாள் விரிப்பது பலரது வழக்கம். அத்தாள் எரிகலனுக்கும் அவணின் அடிப்பாகத்துக்கும் வேண்டிய காற்றை மறித்துவிடும்.

2. கோயிற் பிரசாதத்துக்கு எடுக்கும் பெரிய அண்டாவை இரண்டு எரிகலன்களை மூடி வைப்பதும் அவ்வாறே. சுவாலை மூச்சுவிட இடம் வேண்டும். பெரிய அளவிற் சமைப்பதாயின் இரண்டு தடவையாகச் சமையுங்கள்.

3. குளிர் காற்று வருகிறதென்று சுவரிலுள்ள காற்றுத் துவாரத்தைத் துணியாலோ கடதாசியாலோ அடைக்கக் கூடாது. சமைக்கும்போது யன்னலைச் சிறிதளவாவது திறந்து வையுங்கள். புகையை வெளியே அனுப்பாமல் வடிகட்டி மீண்டும் உள்ளே விடும் வகை விசிறியால் இந்த நச்சு வாயு அகலாது.

4. வீட்டைச் சூடாக்குவதற்காக அவணைப் பற்றவைத்துக் கதவைத் திறந்துவிடுவது மிகவும் ஆபத்தானது. அவண் சமைப்பதற்கு மட்டுமே.

5. சாம்பிராணிக்குக் கரி மூட்டும்போதும் இதே நச்சு வாயு வரும். யன்னலைத் திறந்து வையுங்கள். தணலை அறைக்குள் விட்டு நித்திரைக்குப் போகாதீர்கள்.

நோயைப் போல வரும் நஞ்சு

தலையிடி, தலைச்சுற்று, வயிற்றுக் குமட்டல், களைப்பு, மூச்சு முட்டுதல் ஆகியவை இந்த நச்சின் அறிகுறிகள். தடிமன் காய்ச்சல் என்று நினைத்து இருந்துவிடுவோம். ஆனால் இதற்குக் காய்ச்சல் இராது. வீட்டிலுள்ள பலருக்கும் ஒரே நேரத்தில் வருகிறதா, வெளியே போனால் குறைந்து வீடு திரும்பியதும் மீண்டும் வருகிறதா என்று பாருங்கள். அப்படியாயின் உடனே அடுப்பை நிறுத்தி யன்னல்களைத் திறந்து எல்லோரும் வெளியேறுங்கள். வைத்தியரிடம் இந்தச் சந்தேகத்தை வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

மூக்கால் அறியமுடியாத இந்த வாயுவைக் கண்டறிய எச்சரிக்கைக் கருவி உண்டு. புகைக்கு ஒலிக்கும் கருவி வேறு, இது வேறு. இங்கிலாந்தில் 2022 ஒக்ரோபர் 1 முதல், நிலையான காஸ் சாதனம் உள்ள வசிப்பறைகளில் இக்கருவியை வீட்டுச் சொந்தக்காரர் பொருத்த வேண்டுமென்பது வாடகை வீடுகளுக்கான சட்டம். ஆனால் சமையல் அடுப்புக்கு அச்சட்டத்தில் விலக்கு உண்டு. ஆகவே குசினியில் அடுப்பு மாத்திரம் இருந்தால் அங்கே கருவி இருக்குமென்று எண்ணியிராமல் நீங்களே ஒன்றை வாங்கிவிடுங்கள். அடுப்புக்கு நேர் மேலே வைக்காமல், கருவியோடு வரும் குறிப்பின்படி 1 முதல் 3 மீற்றர் வரை தள்ளிப் பொருத்துங்கள். அதன் பொத்தானை அடிக்கடி அழுத்திப் பரிசோதியுங்கள். முடிவுத் திகதியையும் பாருங்கள்.

காஸ் மணம் வந்தால்

முதலில் எரியும் சுவாலைகளை நிறுத்துங்கள். மின் சுவிச்சைப் போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். அதன் சிறு பொறியே போதும் வெடிப்பதற்கு. நெருப்புக்குச்சி, சிகரெட், விளக்கு, ஊதுபத்தி எதுவும் கூடாது. கதவு யன்னல்களைத் திறந்து, மீற்றருக்கு அருகிலுள்ள கைபிடியைத் திருப்புங்கள். கைபிடி குழாயோடு ஒரே திசையில் இருந்தால் காஸ் வருகிறது. குழாய்க்குக் குறுக்கே நின்றால் நிறுத்தப்பட்டுள்ளது. மீற்றர் நிலவறையில் இருந்தால் அங்கே இறங்க வேண்டாம். பின்னர் வெளியே நின்று 0800 111 999 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசி எடுங்கள். பிரித்தானியத் தேசிய காஸ் அவசர சேவையான இது 24 மணி நேரமும் இயங்கும். நச்சு வாயுக் கருவி ஒலித்தாலும் இதே இலக்கம்தான். எவருக்கேனும் சுகயீனமெனில் 999.

எண்ணெய்த் தாச்சி தீப்பற்றினால்

தாச்சியின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எண்ணெய் விடாதீர்கள். எண்ணெய் புகைக்கத் தொடங்கினால் அடுப்பை நிறுத்தி ஆறவிடுங்கள். தொலைபேசி மணி அடித்தாலும், வாசலில் ஆள் வந்தாலும் அடுப்பை நிறுத்திவிட்டே போங்கள்.

தீப்பற்றிய எண்ணெயில் ஒருபோதும் தண்ணீர் ஊற்றக் கூடாது. தண்ணீர் அடியில் இறங்கி ஒரு கணத்தில் நீராவியாகி, எரியும் எண்ணெயைக் கூரை வரை வீசியடிக்கும். தாச்சியைத் தூக்கவும் கூடாது. தாச்சிக்கு மேலாகக் கை நீட்டாமல் முடியுமானால் மாத்திரம் காஸை நிறுத்துங்கள். குசினிக் கதவைச் சாத்தி, எல்லோரையும் வெளியேற்றி 999ஐ அழையுங்கள்.

அடுப்படியில் நிற்கும்போது சேலைத் தலைப்பை இடுப்பிற் செருகிக்கொள்ளுங்கள். நைலோன் உடை வேண்டாம். சுட்டுவிட்டால் பற்பசையோ வெண்ணெயோ பூசாமல், ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடங்கள் பிடியுங்கள்.

அவண் பற்றி ஒரு வார்த்தை. பாவிக்காத தாச்சிகளையும் பிளாஸ்ரிக் மூடிகளையும் அவணுக்குள் அடுக்கி வைப்பது எம்மிடையே உள்ள வழக்கம். பற்றவைக்க முன் உள்ளே பார்க்கவேண்டும். கதவைத் திறந்து வைத்தே பற்றவையுங்கள். பற்றாவிட்டால் காஸை நிறுத்தி, காற்றோட விட்டு, சிறிது பொறுத்தே மீண்டும் முயலுங்கள்.

யாரை அழைப்பது?

காசுக்குக் காஸ் வேலை செய்பவர் கேஸ் சேஃப் ரெஜிஸ்டரில் பதிவு பெற்றிருக்க வேண்டும். 2009 ஏப்ரல் 1 முதல் கோர்கி என்ற பழைய பதிவுக்குப் பதிலாக இதுவே நடைமுறையில் உள்ளது. அவரது அட்டையைக் கேட்டுப் பாருங்கள். அடுப்பு வேலைக்குத் தகுதி உண்டா என்பது அட்டையின் பின்புறத்தில் இருக்கும். தெரிந்தவர், மலிவாகச் செய்வார் என்பதெல்லாம் இவ்விடயத்தில் உதவாது. வாடகை வீடாயின், வீட்டுச் சொந்தக்காரர் தந்த காஸ் சாதனங்களை அவர் ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதிப்பித்து அதன் பிரதியை உங்களுக்குத் தரவேண்டும். கேட்டால் கோபிப்பாரோ என்று தயங்க வேண்டாம். அது உங்கள் உரிமை.

வீட்டுப் பயிற்சி

இந்த வார இறுதியில் குடும்பமாக நான்கு காரியங்களைச் செய்யுங்கள். மீற்றர்க் கைபிடி எங்கே உள்ளதென்று எல்லோருக்கும் காட்டுங்கள். சுவாலையின் நிறத்தைப் பிள்ளைகளைக் கொண்டு பார்ப்பியுங்கள். நச்சு வாயுக் கருவியைப் பரிசோதியுங்கள். அவசர இலக்கத்தையும் வீட்டு விலாசத்தையும் பெரிய எழுத்திற் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி, ஆங்கிலம் அறியாத பெரியவர்களுக்கு "கேஸ் ஸ்மெல்" என்று கூறி விலாசத்தைச் சொல்லப் பழக்குங்கள். பகலில் வீட்டில் தனியே இருப்பவர்கள் பெரும்பாலும் அவர்களே. அவர்களுக்கு இப்பாடத்தை வாசித்துக் காட்டிய பின்னரே இம்மடலை எடுத்து வையுங்கள்.